கஷாயமும் மாத்திரையும் ஒரே நோட்டில்

ஆசிரியருக்கு,

முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். 2003 ஏப்ரலில் தொடங்கியது. அதன் பாலிகிளினிக்கில் டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் முழங்கால் வலிப் பேச்சுதான் காதில் விழும். வலி மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கினால் கிட்னி போய்விடும் என்று பயந்து பலர் நாட்டு மருந்துக்குப் போகிறார்கள். பயம் நியாயமானதுதான். ஆனால், 'மூலிகைதானே, என்ன செய்துவிடும்?' என்று கேட்பது சரியில்லை. இருமலுக்கு மெல்லும் அதிமதுரம் இருக்கிறதே, அதைத் தினமும் அதிகம் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இது விளையாட்டல்ல. சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு ஆவாரம்பூ கஷாயத்தை மட்டும் நம்புவது அதைவிட மோசம். டாக்டர் திட்டுவாரோ என்று நம்மவர்கள் இதையெல்லாம் மறைக்கிறார்கள், அவரும் கேட்பதில்லை.

ராணுவக் குடியிருப்புப் பகுதிகளான கன்டோன்மென்ட்களில் உள்ள 37 மருத்துவமனைகளில் ஆயுர்வேத மையங்கள் திறக்க 2022-ல் முடிவானது. சரி, நல்லது. அதேபோல தமிழ்நாட்டு பாலிகிளினிக்குகளில் வாரம் ஒரு நாளாவது பட்டம் பெற்ற சித்த மருத்துவர் ஒருவரை உட்கார வையுங்கள். அவர் கொடுப்பதும் அலோபதி டாக்டர் கொடுப்பதும் ஒரே நோட்டில் எழுதப்பட வேண்டும்.

- முன்னாள் ஹவில்தார், வேலூர் மாவட்டம்