முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உடுவில் மகளிர் பாடசாலை 1824இல் தொடங்கியது. அதன் வரலாற்றுக்கு எழுதிய ஏடுகள் உண்டு. ஆனால் 1984இல், கைதான இளைஞர்களுக்காகப் போராடிய தாய்மாரின் அமைப்பான அன்னையர் முன்னணியோடு யாழ்ப்பாணத் தெருவில் இறங்கிய பெண்களின் பேச்சை, 1981இல் நூலகம் எரிந்த இந்த ஊரில், அவர்கள் வாயிலிருந்துதான் ஒலிப்பதிவு செய்ய வேண்டும். அன்று முப்பது வயதில் நடந்தவருக்கு இன்று எழுபது கடந்துவிட்டது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாக மாணவர்கள் பதிவுக்குப் போகும்போது சில விடயங்களைக் கவனிக்கலாம். மின்விசிறியை நிறுத்துங்கள், அதன் இரைச்சலைப் பிறகு நீக்கப்போனால் குரலும் தேயும். ஒலிவாங்கி நாடிக்கு ஒரு சாண் கீழே இருக்கட்டும், சேலை மடிப்பில் உரசக்கூடாது. 'எந்த ஆண்டு?' என்று கேட்டால் 'ஞாபகம் இல்லை' என்பார். 'மூத்தவன் அப்ப எத்தனையாம் வகுப்பு?' என்று கேளுங்கள், ஆண்டு தானாக வரும். மகன் பக்கத்தில் இருந்தால் தாய்க்குப் பதிலாக அவரே பதில் சொல்லிவிடுவார் (தவறாமல் நடப்பது இது). பழைய படங்களைத் தேட மகனை உள்ளே அனுப்பிவிடுங்கள்.

ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஆறு மணி நேரமாவது வேண்டும். 'வந்தார்கள்', 'போனார்கள்' என்பதற்கு யாழ்ப்பாணப் பேச்சில் வரும் 'வந்தவை', 'போனவை' என்பதைத் திருத்தி எழுதாதீர்கள். சம்மதம் பதிவுக்கு முன் ஒரு முறை, பதிவு முடிந்தபின் ஒரு முறை கேளுங்கள். கைதானவர்களின் பெயரை நீக்கச் சொல்வது பெரும்பாலும் இரண்டாம் முறைதான்.

யாழ்ப்பாணத்து வாசகர்