ஆண்டறிக்கை: தனித்து வாழும் முதியோருக்கான துணைப்பணி

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

பிள்ளைகள் சென்னை, மும்பை, வளைகுடா என்று போய்விட, தாமிரபரணிக் கரை ஊர்களில் பூட்டிய வீடுகளுக்கு நடுவே ஒற்றை விளக்கு எரியும் வீடுகள் இருக்கின்றன. வாசலில் நின்று, "நல்லா இருக்கீயளா ஆச்சி?" என்று கேட்டால், "எனக்கென்ன குறை" என்றுதான் பதில் வரும். அதனால் ஒரு வேலையோடுதான் போகிறோம். வாரம் இரண்டு தடவை, அதே கிழமை, அதே நேரம், கூடியவரை அதே ஆள். ஆள் மாறினால் கதவு திறக்கும், பேச்சு வராது.

முதலில் அடுப்படி. இரண்டு நாளாக உலை வைத்த தடம் இல்லையென்றால் உடம்புக்கு முடியவில்லை, அல்லது சிலிண்டர் தீர்ந்துவிட்டது.

அடுத்து மாத்திரை. மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டத்தில் 2021 முதல் வீட்டுக்கே வருகிறது. பிசகு, சாப்பிடும் வேளையில்தான். பட்டைகள் ஒன்றுபோல இருப்பதால் இரவு மாத்திரை காலையில் போகிறது. சர்க்கரை நோய்க்கான கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். காலைக்கொரு துணிப்பை, இரவுக்கொரு துணிப்பை. இரவுப் பையின் கயிற்றில் ஒரு முடிச்சு. கண்புரை உள்ளவர்களுக்கு நிறத்தைவிட விரல் தடவி அறிவதே நிச்சயம். மாத்திரையைப் பிதுக்காமல் பட்டையோடு கத்தரித்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் ஏறும். ஒரு வாரத்துக்கு மட்டும் எண்ணி வைத்தால், மிஞ்சியதைப் பார்த்து விட்டுப்போன வேளை தெரியும்.

பீடி சுற்றித் தேய்ந்த விரல்களில் ரேஷன் எந்திரத்துக்கு ரேகை கிடைப்பதில்லை. சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, பத்து விரலையும் வைத்துப் பார்க்கணும். பிறகு கருவிழிப் பதிவு. அதுவும் ஆகாவிட்டால் வேறொருவர் வாங்குவதற்கான அங்கீகாரப் படிவம்.

பட்டன் போனில் முதல் எண்ணாக மகன் பெயரைப் போடச் சொல்கிறார்கள். பத்து நிமிடத்தில் வந்து நிற்கக்கூடிய பக்கத்து வீட்டு எண்தான் முதலில் வேண்டும்; மகன் அப்புறம். முதியோர் உதவி எண் 14567-ஐயும் பதிந்து தருகிறோம்.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கேட்டுக் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். "பெத்த பிள்ளைய சந்திக்கு இழுக்கவா?" என்று பலர் மறுக்கிறார்கள். நாங்கள் வற்புறுத்துவதில்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தை மறக்க முடியாது. ஆதார், ரேஷன் அட்டை, பாஸ்புத்தகம், பதினைந்து நாள் மாத்திரை, டார்ச், மூக்குக் கண்ணாடி ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, ஆள் உயரத்துக்கு மேல் ஆணியில் மாட்ட வேண்டும். ஐப்பசி பிறக்குமுன் முடிக்க, ஆற்றோரத் தெருக்களுக்கு இன்னும் ஆள் தேவை. முன்வருவோர் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கவும்.

செயலாளர்