தூரத்துக்கும் கார்டு இன்டர்வலுக்கும் தொடர்பில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மொட்டைமாடி, டவர் வைஃபை இணைப்புகள் பற்றித் தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த குறிப்பு, 'தூரம் கூடினால் கார்டு இன்டர்வலை லாங்கில் வையுங்கள்' என்கிறது (ஒரு சிக்னல் துண்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே ரேடியோ விடும் சிறு இடைவெளிதான் கார்டு இன்டர்வல்; ஷார்ட் குறுகியது, லாங் நீண்டது). இணைப்பு போடுபவர்கள் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். அது தவறு.

தூரத்தைக் கவனித்துக்கொள்வது ஏக் டைம்அவுட், அதாவது அனுப்பியது கிடைத்ததென்று மறுமுனை சொல்லும் பதிலுக்கு ரேடியோ காத்திருக்கும் நேரம். சில ரேடியோக்களில் 'டிஸ்டன்ஸ்' என்றிருக்கும். 10 கி.மீ. போய்த் திரும்ப அலைக்கு 67 மைக்ரோ நொடி ஆகிறது, 0.8 மைக்ரோ நொடி கார்டு இன்டர்வல் அங்கே எந்த மூலைக்கு? நேரே வரும் அலைக்கும், எதிலாவது பட்டுச் சுற்றி வரும் அலைக்கும் உள்ள தாமதத்தைத் தாங்குவதே அதன் வேலை. ஷார்ட் (400 நானோ நொடி) 120 மீட்டர் கூடுதல் பாதையைத் தாங்கும். லாங் (800) 240 மீட்டர்.

கடல்நீர் மேல் 3 கி.மீ. இணைப்பு, இரு முனையிலும் 15 மீட்டர் உயரத்தில் டிஷ் என்று வைத்துக்கொள்வோம். நீரில் பட்டு வரும் பாதை வெறும் 15 செ.மீ. அதிகம், அரை நானோ நொடி. ஷார்ட்டே தாராளம். அங்கே சிக்னல் விழுந்தால் காரணம் இரு அலைகளும் ஒன்றையொன்று அழிப்பது. 5.5 கிகாஹெர்ட்ஸில் ஒரு முனை டிஷ்ஷைச் சுமார் 2.7 மீட்டர் ஏற்றியோ இறக்கியோ பார்க்க வேண்டும். லாங்கில் போட்டால் 300 எம்பிபிஎஸ் 270 ஆவதுதான் மிச்சம்.

லாங் தேவைப்படுவது ஊருக்குள் செக்டர் ஆன்டெனா (ஒரு பக்கத்தில் உள்ள பல வீடுகளுக்கும் அலை பரப்புவது) வைக்கும்போது. வாடிக்கையாளர் வீட்டுக்கு 100 மீட்டர் பின்னால் அடுக்குமாடி இருந்தால் கூடுதல் பாதை 200 மீட்டர், அதாவது 667 நானோ நொடி. ஷார்ட் தாங்காது. மலைப்பகுதியில் 200 மீட்டர் பின்னால் பாறைச்சரிவு இருந்தால் லாங்கும் போதாது. வைஃபை 6 ரேடியோவில் 1.6, 3.2 மைக்ரோ நொடி உண்டு, 0.8-ஐவிட 3.2-இல் வேகம் 15 சதவீதம் குறையும். அதற்கு முன், வீட்டு முனையில் பின்பக்க அலையை வாங்காத டிஷ்ஷை மாட்டிப் பார்க்கலாம். என் வோட்டு அதற்குத்தான்.

சிக்னல் மைனஸ் 60 டிபிஎம் என நன்றாக இருந்தும் எம்சிஎஸ் (வேகப் படிநிலை) இறங்கி, ரீட்ரை (மறுபடி அனுப்புவது) ஏறினால், சுற்றி வரும் அலையைச் சந்தேகப்படுங்கள். சேனல் அகலத்தையும் பவரையும் தொடாமல், கார்டு இன்டர்வலை மட்டும் மாற்றி, இரு திசையிலும் பத்து நிமிடம் ஐபெர்ஃப் (வேகம் அளக்கும் மென்பொருள்) ஓட்டுங்கள். அனுப்புகிற ரேடியோதான் இடைவெளியைத் தீர்மானிக்கிறது. ஒரு முனையில் மட்டும் மாற்றினால் பாதிச் சோதனைதான். மைக்ரோடிக் நிறுவன ரேடியோக்களின் பழைய வயர்லெஸ் மெனுவில் 'எனி' என்றிருந்தால் ஷார்ட்டும் வரும். 'லாங்' என்றால் லாங் மட்டுமே.

இப்படிக்கு,
வயர்லெஸ் நெட்வொர்க் பொறியாளர், கோவை