போதை மரணங்களை முறையாக விசாரிக்கக் கோரி மாகாணக் காவல் ஆணையருக்கு மனு

அனுப்புநர்:
போதைக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரும் உறவினரும்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.

பெறுநர்:
மாகாணக் காவல் ஆணையர் அவர்கள்,
தென்னாப்பிரிக்கக் காவல்துறை,
குவாசூலு-நடால் மாகாணம்.

பொருள்: நச்சுப் போதைப்பொருளால் நேரும் மரணங்களில் முதல் நாளிலிருந்தே முழு விசாரணை நடத்த வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். நம் அரசமைப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, மதித்துப் பேண வேண்டிய மொழிகளுள் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்த உரிமையில் இம்மனுவைத் தமிழில் எழுதி, அலுவலகப் பயன்பாட்டுக்காக ஆங்கிலப் படியையும் இணைத்துள்ளோம். கையெழுத்திட்டவர்களில் பாட்டிமார் பலர் இருக்கிறார்கள். எதற்குக் கையெழுத்திடுகிறோம் என்று அவர்கள் தாங்களே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என விரும்பினோம்.

2000களின் நடுப்பகுதியில் 'சுகர்ஸ்' என்ற பெயரில் மலிவான ஹெராயின் கலவை எங்கள் ஊருக்குள் புகுந்தது. அதன் கதை தங்களுக்குத் தெரியும். ஒருவர் இறந்த பிறகு, முதல் சில மணி நேரத்தில் காவல்துறை என்ன செய்கிறது, எதைச் செய்யாமல் விடுகிறது என்பதைப் பற்றியே இம்மனு.

எங்களில் ஒரு தாயின் அனுபவம் இது. மகன் வீட்டின் பின்னறையில் இறந்து கிடந்தான். வாசலில் நின்ற காவலர், "இவன் போதை எடுப்பவனா?" என்று கேட்டார். தாய் ஆம் என்றார். அதன்பின் வேறு கேள்வியே இல்லை. குறிப்பேடு மூடப்பட்டது, பிணவறை வண்டி வந்தது, எல்லோரும் போய்விட்டார்கள். மறுநாள் அறையைப் பெருக்கியபோது, மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே கருகிய அலுமினியத் தாளும், ஒரு முனை உருக்கி ஒட்டப்பட்ட பிளாஸ்டிக் குழாய்த்துண்டும் கிடைத்தன. குழாயில் பழுப்புத் தூள் மிச்சம் இருந்தது. அதைக் காகிதத்தில் மடித்துக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார் அந்தத் தாய். கழிப்பறையில் கொட்டிவிடும்படி சொல்லி அனுப்பினார்கள். மகன் கடைசியாக யாருடன் பேசினான் என்பதைச் சொல்லக்கூடிய கைப்பேசி, அதற்கு முன்பே அவனுடைய செருப்புகளோடு சேர்த்து அவர் கையில் கொடுக்கப்பட்டிருந்தது.

எந்த நிலையம், எந்த அதிகாரி என்று இங்கே எழுதவில்லை. யாரையும் தண்டிக்க வேண்டும் என்பது எங்கள் நோக்கமன்று. ஆனால் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த உறவினர்கள் வாசலில் நின்று பார்த்தபோது, அதே சந்தின் முனையில் அதே விற்பனை நடந்துகொண்டிருந்தது. இதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

1959ஆம் ஆண்டின் மரண விசாரணைச் சட்டம் (58ஆம் எண்) தெளிவாகவே இருக்கிறது. இயற்கையல்லாத மரணத்தைக் காவலர் விசாரித்து அரசு வழக்கறிஞரிடம் அறிக்கை தர வேண்டும். வழக்குத் தொடரப்படாவிட்டால் கோப்பு மாஜிஸ்திரேட்டிடம் போகும். இறந்தவர் யார், எப்போது, எதனால் இறந்தார் என்பதோடு, வேறு எவருடைய குற்றச் செயலாவது அதற்குக் காரணமாகத் தோன்றுகிறதா என்றும் அவர் முடிவு சொல்ல வேண்டும். கோப்பில் ஒன்றுமே இல்லாதபோது மாஜிஸ்திரேட் எதை வைத்துச் சொல்வார்? போதைப்பொருள் விற்பது 1992ஆம் ஆண்டின் 140ஆம் எண் சட்டப்படி பெருங்குற்றம். "தானே எடுத்தான், தானே செத்தான்" என்று கோப்பை மூடும்போது, விற்றவன் விசாரணைக்குள் வராமலே தப்பிவிடுகிறான்.

ஆகவே, இத்தகைய மரணம் நடந்த இடத்தைக் குற்றம் நடந்த இடமாகவே நடத்த ஆணையிடுங்கள். தூள், தாள், ஊசி, மாத்திரை உறை எது இருந்தாலும் படம் எடுத்து, முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பப்பட வேண்டும். கைப்பேசியைக் கைப்பற்றி, சட்டப்படி அனுமதி பெற்று ஆராய வேண்டும்.

தூள் அற்ப விஷயமன்று. ஹெராயின் உடலுக்குள் சென்ற சில நிமிடங்களிலேயே சிதைந்து, இறுதியில், மருத்துவமனைகளில் வலிநீக்கியாகத் தரப்படும் மார்பினாக மாறிவிடுகிறது. இடைநிலைப் பொருளான 6-மோனோஅசிட்டைல்மார்பின் சிறுநீரிலோ கண்ணின் உள்நீரிலோ கிடைத்தால்தான், அது மருத்துவமனை மார்பின் அன்று, ஹெராயின் என்று உறுதியாகச் சொல்ல முடியும். ஃபென்டானில் போன்ற செயற்கைப் பொருள்கள் மிகச் சிறிய அளவிலேயே கொல்லும். அவற்றைக் குறிவைத்துச் சோதிக்காவிட்டால் தப்பிவிடும். எதைத் தேட வேண்டும் என்று ஆய்வகத்துக்கு வழிகாட்டுவது காவலரின் குறிப்பும் அந்தத் தூளும்தான். புதிய நஞ்சு தெரியவந்தால் மருத்துவமனைகளையும் மக்களையும் உடனே எச்சரியுங்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் இத்தகைய மரணங்களுக்காக 2016 ஏப்ரலில் பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது. எந்தெந்தப் போதைப்பொருளால் மரணங்கள் நேர்கின்றன என்பதை அங்குள்ள மரண விசாரணைத் துறை வெளியிட்டுவருகிறது. இங்கும் அது முடியும்.

உடன் இருந்த நண்பர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹெராயின் மூச்சை அடக்கித்தான் கொல்கிறது. ஆம்புலன்ஸ் உரிய நேரத்தில் வந்து நாலொக்சோன் என்ற முறிமருந்தைக் கொடுத்தால் உயிர் திரும்பக்கூடும். ஆனால் காவலர் வந்தால் தங்களையே பிடிப்பார்கள் என்று பயந்து பிள்ளைகள் ஓடிவிடுகிறார்கள். சாட்சியும் அவர்களோடு ஓடிவிடுகிறது. உதவிக்கு அழைத்து உடனிருப்பவர்மீது, சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருந்ததற்காக வழக்குப் போடுவதில்லை என்று கனடா 2017இல் சட்டமே இயற்றியது. இங்கு அப்படியொரு சட்டம் வரும்வரை, அழைத்தவரைச் சாட்சியாக நடத்துமாறு தாங்கள் அறிவுறுத்தலாம்.

குடும்பத்தாருக்கு, பொறுப்பான விசாரணை அதிகாரியின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுத்தில் தரப்பட வேண்டும். இறப்புச் சான்றிதழில் காரணம் 'விசாரணையில் உள்ளது' என்றே நின்றுவிடுவதால், காப்பீட்டுப் பணம் வராமல் திண்டாடும் குடும்பங்கள் எங்களிடையே உள்ளன. உடலைப் பெற்றுத் தகனம் செய்யும் துடிப்பில் இருக்கும் பெற்றோருக்கு அந்த நேரத்தில் எதையும் கேட்கத் தோன்றாது. சொல்ல வேண்டிய கடமை அதிகாரியுடையது.

மூடப்பட்ட கோப்புகளில் எவற்றை மீண்டும் திறக்கலாம் என்று பார்க்க ஒரு மூத்த துப்பறியும் அதிகாரியை நியமித்து, எங்கள் பிரதிநிதிகளைச் சந்திக்க நாள் குறித்து எழுத்துமூலம் பதில் அளிக்குமாறு வேண்டுகிறோம். வழக்கு எண்களும் குடும்பத்தாரின் ஒப்புதல் கடிதங்களும் முத்திரையிட்ட உறையில் தங்கள் பார்வைக்கு மட்டும் வைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெற்றோரும் உறவினரும்
(கையொப்பங்கள் தனித் தாளில்)

இடம்: சாட்ஸ்வொர்த், டர்பன்