12 பேர், 14 நாள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் செந்தூல்வாசி. பகலில் அலுவலகத்தில் கணினி வேலை, இரவில் சாப்பிட்டு முடித்த பிறகு சொந்தமாக ஒரு செயலி. தீபாவளி நேரத்தில் வீட்டிலேயே முறுக்கு, நெய் உருண்டை செய்து விற்கும் பெண்கள், யார் என்ன கேட்டார்கள், பணம் வந்ததா இல்லையா என்று வாட்ஸ்அப்பில் தேடித் தேடி அலுத்துப்போவதைப் பார்த்துத்தான் அதைச் செய்ய ஆரம்பித்தேன். எழுதி முடிக்க நான்கு மாதம் ஆனது. கஷ்டம் அதற்கப்புறம்தான்.

ஆண்ட்ராய்டு போன்களுக்கான செயலிக் கடையான கூகுள் பிளேயில் செயலி வெளியிடக் கணக்கு திறக்க, 25 அமெரிக்க டாலர் ஒரே ஒரு முறை கட்டினால் போதும் (ஆப்பிளில் ஆண்டுக்கு 99 டாலர், அதனால் ஐபோன் பக்கம் இப்போதைக்குப் போகவில்லை). ஆனால் 2023 நவம்பர் 13க்குப் பிறகு தனிநபர் கணக்கு திறந்தவர்கள், செயலியை எல்லாருக்கும் வெளியிடும் முன் குறைந்தது 12 பேரைத் தொடர்ந்து 14 நாள் சோதனையில் வைத்திருக்க வேண்டும். முதலில் 20 பேர் என்றிருந்ததைக் குறைத்தார்கள். விதி தப்பென்று நான் சொல்ல வரவில்லை, குப்பைகள் குறைந்தால் நல்லதுதான். 12 பேர்தானே, நம் வீட்டுக் கல்யாணத்தில் சாம்பார் வாளி தூக்கவே அத்தனை பேர் வருவார்களே என்று நினைத்தேன்.

43 பேர் இருக்கும் குடும்பக் குழுவில் கேட்டேன். கட்டைவிரல் படம் நிறைய வந்தது. பாதிப் பேரிடம் ஐபோன். மாமா ஒருவர், இணைப்பை அழுத்தினால் வங்கிப் பணம் போய்விடும் என்று மற்றவர்களையும் தடுத்துவிட்டார், மோசடிச் செய்தி தினமும் வரும்போது அவரைக் குறை சொல்லவும் முடியாது. எப்படியோ 12 பேரைச் சேர்த்தால், ஒன்பதாம் நாள் சித்தி மகன் தன் அம்மாவின் போனைச் சுத்தம் செய்கிறேன் என்று சோதனையிலிருந்தே அவரை விலக்கிவிட்டான். புதிதாக வருபவருக்கு மறுபடி 14 நாள்.

இருந்தவர்களைக் கேட்டால் எல்லாரும் "நல்லாருக்குப்பா" என்றார்கள். பலகாரம் விற்கும் ஓர் அக்கா மட்டும், எனக்கு உறவுகூட இல்லை, "தம்பி, நீங்க கிலோவுல கேக்குறீங்க, நான் போத்தல்ல விக்கிறேன்" என்றார். நான்கு மாதமும் எனக்குத் தோன்றவே இல்லை. "உறுதிப்படுத்து" என்ற சொல் அவருடைய சின்னத் திரையில் பொத்தானுக்குள் அடங்காமல் "உறுதிப்ப" என்று நின்றதையும் படம் பிடித்து அனுப்பினார். "சரி" என்று மாற்றிவிட்டேன்.

அதனால் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். தெரிந்த பிள்ளை யாராவது செயலியைச் சோதித்துப் பார்க்கச் சொன்னால், அனுப்பியது அவர்தானா என்று முதலில் போன் போட்டுக் கேளுங்கள், அப்புறம் 14 நாள் இருந்துவிடுங்கள். பாராட்டு வேண்டாம், எங்கே சிக்கியது என்று சொன்னால் போதும். ஆசிரியர் அவர்களும் ஞாயிறு பதிப்பில் "சோதிக்க ஆள் தேவை" என்று ஒரு சின்னக் கட்டம் ஒதுக்கினால், என்னைப் போன்றவர்கள் உறவுக்காரர்களைத் தொல்லை செய்யாமல் இருப்போம்.

என்னுடைய இரண்டாவது 14 நாள் வரும் வெள்ளிக்கிழமை முடிகிறது. சித்தி போனை மகன் கையில் கொடுப்பதே இல்லை.

செந்தூல் வாசகர்,
கோலாலம்பூர்