குண்டு விழுவதற்கு முன்னால்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது, பதில் போடத்தான் இத்தனை நாள். முட்டிவலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே இருக்காமல் ஒழுங்காக ஒரு டாக்டரைப் பார். நாய் குட்டி போட்டதில் எங்களுக்கும் சந்தோஷம்தான், ஆனால் ஐந்தையும் நீயே வைத்துக்கொள்ளப் போகிறாய் என்றால் உன் வீட்டம்மாவை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

நாய் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. இங்கே லண்டனில் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு வயது 91. போன ஞாயிறு டீக்குக் கூப்பிட்டு ஒரு தகர டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே 1939-ல் கொடுத்த அடையாள அட்டை. செப்டம்பர் 29 அன்று நாடு முழுக்க ஆள் கணக்கெடுத்துக் கொடுத்தது, போர் முடிந்தும் 1952 வரை அதை விடவில்லை. அட்டைக்கு அடியில் ஒரு நாயின் கழுத்துப்பட்டை.

அந்த 1939 செப்டம்பர் 3, ஞாயிறு காலை 11:15-க்கு பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லேன் ரேடியோவில் ஜெர்மனியோடு போர் என்று சொன்னார். பேச்சு முடிந்த கொஞ்ச நேரத்திலேயே சங்கு ஊதியது, எல்லோரும் பதுங்கு குழிக்குள் ஓடினார்கள். வந்தது எதிரி இல்லை, ஒரு பிரெஞ்சு விமானமாம்! (அன்றைக்கே வைஸ்ராய் நம்மில் ஒருவரையும் கேட்காமல் இந்தியாவும் போரில் இருக்கிறது என்று அறிவித்துவிட்டார், அதனால்தான் அக்டோபர் கடைசியில் ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா செய்தது. அது தனிக் கடிதத்துக்கான விஷயம்.)

அந்த வருஷத்தைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்குத் தோன்றுவது, குண்டு வருவதற்கு முன்னாலேயே பயம் வேலையை ஆரம்பித்துவிட்டது என்பதுதான். குண்டு விழுந்தால் வீட்டுப் பிராணிகளை யார் பார்ப்பது, தீனிக்கு எங்கே போவது என்று ஜனங்கள் நாய் பூனைகளைத் தூக்கிக்கொண்டு, கொன்றுவிடச் சொல்லி மிருக வைத்தியர்களிடம் வரிசையில் நின்றார்கள். அரசாங்கம் கொல்லச் சொல்லி உத்தரவு போடவில்லை, கிராமத்துக்கு அனுப்பு, முடியாவிட்டால் கொன்றுவிடுவதே கருணை என்ற மாதிரி ஒரு துண்டுப் பிரசுரம் வந்ததோடு சரி. லண்டனில் மட்டும் முதல் வாரத்தில் கொல்லப்பட்டவை சுமார் 4 லட்சம் என்கிறார்கள். அந்த வருஷம் முடியும் வரை லண்டனில் ஒரு குண்டுகூட விழவில்லை.

விழுந்ததெல்லாம் இருட்டுதான். செப்டம்பர் 1 முதல் இருட்டடிப்பு, ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி, தெருவிளக்கு கிடையாது. நடைபாதை ஓரத்துக்கும் மரத்துக்கும் வெள்ளை அடித்துப் பார்த்தார்கள். இருந்தும் அந்த மாதம் சாலையில் செத்தவர்கள் முந்தின வருஷ செப்டம்பரைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. எதிரி வந்து கொல்வான் என்று விளக்கை அணைத்துவிட்டு, உள்ளூர் பஸ்ஸிலேயே அடிபட்டுச் செத்தால் என்ன சொல்வது.

பாட்டிக்கு அப்போது ஐந்து வயது. சட்டையில் பேர் எழுதின சீட்டு, தோளில் நச்சுவாயு முகமூடிப் பெட்டி, குண்டுக்குப் பயந்து கிராமத்துக்கு ரயிலேற்றி அனுப்பிவிட்டார்கள். நகரங்களிலிருந்து அப்படி மூன்றே நாளில் சுமார் 15 லட்சம் பேர், பெரும்பாலும் பிள்ளைகளும் தாய்மார்களும். தங்க வைத்த வீட்டுக்கு அரசாங்கம் கொடுத்தது ஒரு பிள்ளை என்றால் வாரம் பத்தரை ஷில்லிங், கூட இருந்தால் தலைக்கு எட்டரை. தலையில் பேன், ராத்திரியில் படுக்கை நனைகிறது என்று கிராமத்துக்காரர்கள் அலறினார்களாம். நகரத்து ஏழைப் பிள்ளை எப்படி வளர்கிறது என்று வசதியானவர்கள் பலர் கண்ணால் பார்த்ததே அப்போதுதான். குண்டுதான் விழவில்லையே என்று ஜனவரிக்குள் பாதிப் பேர் வீடு திரும்பிவிட்டார்கள், பாட்டியும்தான். வந்து பார்த்தால் நாய் இல்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லையாம், பட்டையை மட்டும் அம்மா எடுத்து வைத்திருந்தார்.

அப்புறம், உன் குட்டிகளைப் பற்றிப் பாட்டியிடம் சொன்னேன். போட்டோ வேண்டுமாம். ஐந்தும் ஒரே படத்தில் விழுகிற மாதிரி எடுத்து அனுப்பு.

உன் பழைய ரூம்மேட்