சேலம் மாமன்றத்தின் 60 உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நம் ஊரின் பழைய கட்டடங்களைக் காப்பது பற்றி எழுதுகிறேன். நான் சேலம் குகைப் பகுதியில் பிறந்து வளர்ந்தவன். தாத்தா காலம் வரை எங்கள் வீட்டில் தறி ஓடியது. இப்போது தறிக்குழியைச் சிமெண்ட் போட்டு மூடி, அதன்மேல் பீரோ நிற்கிறது. ஆனாலும் உள்ளே நுழைந்ததுமே இது தறிக்காரர் வீடு என்று தெரிந்துவிடும். முன்னறை சன்னல் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில்தான் இருக்கும். குழிக்குள் கால்விட்டு உட்கார்ந்து நெய்பவர் கைக்கு வெளிச்சம் விழ வேண்டும் என்று வைத்த சன்னல் அது. சுவர் மண்சுவர், ஒன்றரை அடி கனம். சித்திரை வெயிலிலும் அறைக்குள் குளுமை நிற்கும். இழை காய்ந்து அறுந்து போகாது. இதைக் கட்டிய கொத்தனார் யாரென்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் தறியைத் தெரிந்தவர்.

தெருவுக்கும் இதே கணக்குதான். குகையிலும் அம்மாப்பேட்டையிலும் பழைய நெசவாளர் தெருக்கள் சில நேர்கோடாக நீண்டு கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல், நீட்டுவதற்கு அந்த நீளம் வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன்னால் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, ஒட்டிய இழைகளைப் பிரித்துவிட்டு, காயும்வரை பக்கத்திலேயே நிற்பார்கள். அதற்கென்று விட்ட இடத்தைப் பாவடி என்கிறோம். சேலத்து வெண்பட்டு வேட்டி ஊரெல்லாம் பேர் வாங்கியதில் இந்தத் தெருக்களுக்கும் பங்கு உண்டு. ஆடி மாதம் வண்டி வேடிக்கை வந்தால் அதே தெருவில் திண்ணைக்குத் திண்ணை கூட்டம். சாமி வேடம் போட்டவர்கள் வண்டியில் அசையாமல் நிற்பதைப் பாட்டியின் மடியில் உட்கார்ந்து, எங்கள் திண்ணையிலிருந்துதான் முதன்முதலில் பார்த்தேன்.

போன வருடம் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி ஒரு வீட்டை இடித்தார்கள். காலையில் பொக்லைன் வந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் திண்ணையும் இல்லை, கல்தூண்களும் இல்லை. இப்போது அங்கே ஷட்டர் போட்ட மூன்று கடைகள். சொந்தக்காரர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. மூன்று அண்ணன் தம்பிகளுக்குப் பங்கு பிரிக்க வேண்டியிருந்தது. ஒழுகும் ஓட்டை மாற்ற ஆள் கிடைக்கவில்லை. சுண்ணாம்பும் கடுக்காயும் வெல்லமும் சேர்த்துப் பூசத் தெரிந்த கொத்தனாரை எங்கே போய்த் தேடுவது? ஒரு ஷட்டருக்கு வரும் வாடகை அந்தத் திண்ணைக்கு வராது. இதெல்லாம் எனக்கும் புரிகிறது. பழைய வீட்டை வைத்திருப்பவருக்கு இந்த ஊர் ஒரு சலுகையும் தராதபோது, அவர் மட்டும் எதற்காக நஷ்டப்பட வேண்டும்?

கடைவீதி கதை வேறு. அங்கே நிறைய கட்டடங்களை இடிக்காமலேயே மறைத்துவிட்டார்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு கடையில் விளம்பரத்தை மாற்றுவதற்காக முகப்பிலிருந்த அலுமினியத் தகட்டைக் கழற்றிய நாளில் நான் அங்கே இருந்தேன். தகட்டுக்குப் பின்னால் மாடிக் கைப்பிடிச் சுவர் முழுக்கச் சுதை வேலை. இரண்டு மயில்கள், நடுவில் கொடி, கீழே கட்டிய ஆண்டை எழுதிய பட்டை. சட்டம் அடிக்க டிரில் போட்டதில் ஆண்டின் கடைசி இரண்டு எண்கள் உதிர்ந்திருந்தன. ஒரு மயிலுக்குக் கழுத்து இல்லை. வேலைக்கு வந்த பையன் போனை எடுத்து அதைப் படம் பிடித்தான். கடைக்காரரும் வெளியே வந்து, "இது நம்ம கடையா?" என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். சாயங்காலத்துக்குள் புதுத் தகடு ஏறிவிட்டது. அன்றைக்கு அந்தத் தெருவில் அதிகாரம் உள்ள யாராவது வந்து "கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்லியிருந்தால், கடைக்காரர் கேட்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு நிற்கிறது. 1935-ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய ஸ்டூடியோ அது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே உருவாயின. கலைஞர் வசனம் எழுதிய இடம், எம்.ஜி.ஆர். நடித்த இடம். இன்று வளைவுக்குப் பின்னால் இருப்பவை குடியிருப்புகள். வெளியூர்க்காரர்கள் வளைவு முன்னால் செல்பி எடுக்கிறார்கள், உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். என்னிடமே கேட்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் நின்று பதில் சொல்வது சங்கடமான வேலை.

வளர்ச்சி வேண்டாம் என்று நான் எழுதவில்லை. 2016-ல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேலம் வந்தபோது மகிழ்ந்தவன்தான். பழைய பேருந்து நிலையம் ஈரடுக்காக மாறியதும் நல்லதே. முன்பிருந்த நெருக்கடியில் பஸ் பிடித்தவர்களுக்குத் தெரியும். ஆனால் புதிதாக என்ன கட்டப்போகிறோம் என்ற பட்டியல் நம்மிடம் எப்போதும் இருக்கிறது. எதை விட்டுவைக்கப்போகிறோம் என்ற பட்டியலும் வேண்டும். மரபுக் கட்டடங்களுக்கென்று ஓர் ஆணையம் அமைக்க 2012-லேயே தமிழ்நாட்டில் சட்டம் இயற்றினார்கள். ஆனால் குகையில் எந்தத் திண்ணை நிற்கிறது, எது போய்விட்டது என்பது சென்னையில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத்தான் தெரியும். ஓட்டுக் கேட்டு ஒவ்வொரு வாசலிலும் ஏறியிருக்கிறீர்கள்.

அதனால் கேட்கிறேன். உங்கள் வார்டில் ஒரு நாள் நடந்து பத்தே பத்துக் கட்டடங்களைக் குறித்துக் கொடுங்கள். கோயிலும் தேவாலயமும் தப்பித்துக்கொள்ளும். நெசவாளர் வீடு, வெள்ளிப் பட்டறை, மண்டி, அக்ரஹாரத்து வீடு, பழைய பள்ளிக்கூடம் போன்றவற்றைப் பாருங்கள். 60 வார்டுக்கு 600 கட்டடங்கள். அந்த 600-ல் ஒன்றை இடிக்க அனுமதி கேட்டு மனு வந்தால், முதலில் சொந்தக்காரரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். தெருவைப் பார்த்த முன்கட்டை அப்படியே விட்டால் பின்கட்டில் மாடி எழுப்பலாம் என்று சொல்லுங்கள். அப்படி விடுபவருக்குச் சொத்து வரியைக் குறைக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். குறைக்கும் அதிகாரம் அரசிடம்தான் என்றால், தீர்மானம் போட்டு அனுப்புங்கள். கடைவீதித் தகடுகளுக்கும் ஒரு அளவு வையுங்கள். பெயர்ப்பலகைக்கு முழு முகப்பும் தேவையில்லை.

நடக்காத காரியம் என்று சிலர் சொல்வார்கள். பக்கத்திலேயே புதுச்சேரி இருக்கிறது. அங்கே வைசியாள் வீதியில் தமிழ் வீடுகளின் திண்ணையையும் தாழ்வாரத்தையும் வரிசையாகச் சரி செய்தார்கள். 2008-ல் யுனெஸ்கோ அந்த வேலைக்கு விருது கொடுத்தது. அந்த வீதியில் இப்போதும் குடித்தனம் நடக்கிறது.

1917-ல் ராஜாஜி தலைவராக அமர்ந்த நகராட்சி இது. இந்த மாதிரி ஒரு தீர்மானம் இங்கிருந்து கிளம்பினால் மற்ற ஊர்களும் திரும்பிப் பார்க்கும்.

எங்கள் தெருவில் திண்ணையோடு நிற்பவை இன்றைய தேதிக்கு 11 வீடுகள். ஒவ்வொன்றையும் படம் எடுத்து, முகப்பை அளந்து, ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எட்டு வீட்டார் பட்டியலில் சேர்க்கச் சம்மதம் சொல்லிவிட்டார்கள். மற்ற மூவரும் வரிச் சலுகை உறுதியானால் பேசலாம் என்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் எந்த நாள் வரட்டும் என்று சொல்லுங்கள். நோட்டை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
குகையிலிருந்து ஒரு நெசவாளர் வீட்டுப் பேரன்